80 மி.மீ. பக்கெட் பின் 6 மி.மீ. நகர்ந்து நின்றுவிட்டது: தள்ளுவதா, சூடாக்குவதா, வெட்டுவதா?

கேள்வி

வணக்கம். 20 டன் வகை எக்ஸ்கவேட்டர் ஒன்றில், ஆர்மின் (பக்கெட்டைத் தாங்கும் கையின்) முனையையும் பக்கெட்டையும் சேர்க்கும் பின்னை, அதாவது தடித்த எஃகு உருளையை, கழற்ற மூன்று நாட்களாக முயன்றுகொண்டிருக்கிறேன். பின்னின் விட்டம் 80 மி.மீ. வண்டி பல மாதங்கள் ஓடாமல் திறந்த வெளியில் நின்றிருந்தது. மறுபடி ஓட்டத் தொடங்கியபோது, பக்கெட்டை மடக்கும் போதெல்லாம் இடப்பக்கத்திலிருந்து கிறீச்சென்ற சத்தம் வந்தது. ஆர்மில் உள்ள நிப்பிளில் கிரீஸ் ஏற்றினால் வலப்பக்கம் மட்டும் பிதுங்கியது. இடப்பக்கம் ஒரு துளிகூட வரவில்லை. பின்னையும், ஆர்மின் துளைக்குள் பின்னைச் சுற்றியிருக்கும் உறைகளான புஷ்களையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து வேலையைத் தொடங்கினேன்.

பின்னைப் பக்கெட்டோடு பூட்டி வைத்திருக்கும் குறுக்குப் போல்ட், பக்கெட்டின் வலப்பக்கக் காதில் (பின் நுழையும் துளையுள்ள தகட்டில்) இருக்கிறது. அதை இரட்டை நட்டோடு முழுதாக வெளியே எடுத்துவிட்டேன். உள்ளே முறிந்த துண்டு எதுவும் இல்லை. பின் தலையைச் சுற்றியிருந்த பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி எடுத்து, துரு இளக்கும் எண்ணெயில் இரண்டு இரவு ஊறவிட்டேன். வலப்பக்கத்திலிருந்து 10 கிலோ சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு இரண்டு தடித்த பிளேட்டுகளை நீண்ட ராடுகளால் சேர்த்துச் சட்டம்போல் கட்டி, சட்டத்தின் மறுமுனையை இரண்டு சேனல் துண்டுகளின் மூலம் இடப்பக்கக் காதின் விளிம்புகளில் தாங்க வைத்து, 20 டன் ஜாக்கால் தள்ளினேன். பின் இடப்பக்கமாகச் சரியாக 6 மி.மீ. நகர்ந்தது, அதற்குமேல் இம்மியும் நகரவில்லை. இன்னும் அழுத்தியபோது இடப்பக்கக் காதின் நடுப்பகுதி வெளியே புடைப்பதுபோல் தோன்றியதால் நிறுத்திவிட்டேன்.

இனி 60 டன், 100 டன் என்று பெரிய ஜாக்கைக் கொண்டுவந்து அதே திசையில் தள்ளுவதா, காஸ் வைத்துச் சூடாக்குவதா, அல்லது பின்னையே வெட்டிவிடுவதா என்று தெரியாமல் நிற்கிறேன். பின்னும் புஷ்ஷும் எப்படியும் மாற்றப்போகிறவைதான். ஆர்மின் துளையும் பக்கெட் காதுகளும் கெட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை. இதே நிலையைக் கடந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

பெரிய ஜாக்கைத் தேடுவதற்கு முன், அந்த 6 மி.மீ. என்ன சொல்கிறது என்று பாருங்கள். துருவால் மட்டும் இறுகிய பின், ஒருமுறை இளகிவிட்டால் முரண்டு பிடித்தபடியே சிறிது சிறிதாக வந்துகொண்டிருக்கும். சுவரில் முட்டியதுபோல் ஓரிடத்தில் நிற்காது. கொஞ்சம் வந்து சட்டென்று நின்றுவிட்டால் துருவைத் தவிர வேறு ஏதோ குறுக்கே இருக்கிறது. நான் பார்த்தவரை அது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று, பாரம். பக்கெட் தரையில் படுத்திருந்தாலும் ஆர்மின் எடை பின்மேல் உட்கார்ந்திருக்கலாம். அப்படியிருந்தால் எத்தனை டன் கொடுத்தாலும் பின் கோணலாகக் கவ்விக்கொள்ளும். ஆர்மைச் செயின் பிளாக்கில் பிடித்து, ஒவ்வொரு மில்லிமீட்டராக ஏற்றியும் இறக்கியும், பின்னுக்கு மேலும் கீழும் இடைவெளி சமமாக வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, தேய்மானப் படி. பின் எப்போதும் பாரம் தாங்கும் ஒரு பக்கத்தில்தான் தேய்கிறது. புஷ் உட்காரும் இடத்தில் பள்ளமும், அதன் ஓரத்தில் தேயாத விளிம்பும் உண்டாகின்றன. வெளியே வரும்போது அந்த விளிம்பு புஷ்ஷின் வாயில் மாட்டிக்கொள்ளும். இதற்கும் மருந்து பாரத்தை நீக்குவதுதான். முடிந்தால் பின்னை அரைச்சுற்று திருப்பினால் இன்னும் எளிது.

மூன்றாவது பலருக்குத் தோன்றாத ஒன்று. பின் தனியாக வராமல், தன்னோடு இறுகிப்போன புஷ்ஷையும் ஆர்மிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். காது புடைப்பதுபோல் தோன்றியது என்று நீங்கள் எழுதியதால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம்.

எது என்று அறிய ஒரு சாக்பீஸ் போதும். ஆர்மையும் பக்கெட்டையும் நன்றாகத் தாங்கல் கொடுத்து நிறுத்திய பிறகு, பின்னின் முகத்திலிருந்து காதின் வளையம்வரை ஒரே நேர்க்கோடு இரண்டு பக்கமும் இழுங்கள். ஒருவர் மட்டும் கேபினில் உட்கார்ந்து, மற்ற எல்லாரும் விலகி நிற்க, பக்கெட்டை மெதுவாகப் பத்து டிகிரி மடக்கட்டும். கோடு உடையாமல் பக்கெட்டோடு சேர்ந்து திரும்பினால் பின் காதில் இறுகியிருக்கிறது. கோடு உடைந்து, பின் ஆர்மோடு நின்றுவிட்டால் அது புஷ்ஷில் இறுகியிருக்கிறது. பிறகு இன்ஜினை நிறுத்தி, லீவர்களை எல்லாத் திசையிலும் அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுவித்துவிட்டு, ஆர்முக்கும் காதுகளுக்கும் நடுவே உள்ள ரப்பர் வளையங்களை விலக்கி, இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள், அதுவரை தயவுசெய்து அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கோடு இரண்டு பக்கமும் உடைந்தது: காதில் இருந்த பாதி ஏறத்தாழ 7 மி.மீ. தள்ளிப்போக, பின்னில் இருந்த பாதி நின்ற இடத்திலேயே நின்றது. அப்படியானால் காதுகள் இரண்டும் விட்டுக்கொடுத்துவிட்டன.

பிறகு இடப்பக்க ரப்பர் வளையத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பி விலக்கினேன். சுற்றியுள்ளவை எல்லாம் துருவும் காய்ந்த கிரீஸுமாகக் கறுத்துக் கிடக்க, பின்னைச் சுற்றி வெள்ளிபோல் மின்னும் ஒரு பட்டை ஆர்மின் முகத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெர்னியரின் வாலால் அளந்தேன்; 6 மி.மீ. புஷ்ஷின் வெளிப்புறம்தான் அது. இத்தனை ஆண்டுகள் துளைக்குள் இருந்ததால் துரு படாமல் இருக்கிறது. அதன் முகம் காதின் உட்பக்கத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது. இடைவெளியை நிரப்ப வேண்டிய வாஷர்கள் எப்போதோ தேய்ந்து உதிர்ந்துபோய்விட்டன. வலப்பக்கத்தையும் திறந்து பார்த்தேன். அங்கே புஷ் ஆர்மின் முகத்தோடு சமமாக, இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பதில் 2

நானாக இருந்தால் இதற்குமேல் யோசிக்காமல் வெட்டிவிடுவேன். காதுகளில் பின் இறுகவில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஆர்முக்கும் காதுக்கும் நடுவே இரண்டு பக்கமும் காஸ் கட்டரால் பின்னை அறுத்தால் பக்கெட் தனியாக விலகிவிடும்; காதுகளில் உள்ள துண்டுகள் கையாலேயே வந்துவிடும்; ஆர்மில் மிஞ்சும் நடுத்துண்டைப் புஷ்களோடு சேர்த்து அழுத்தி வெளியே எடுத்துவிடலாம். ரம்பத்தால் அறுக்க முயல வேண்டாம். இத்தகைய பின்களின் மேற்பரப்பு சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கடினப்படுத்தப்பட்டிருக்கும். பிளேடின் பல் வழுக்கிவிடும். மாற்றப்போகிற பின்னுக்காக இத்தனை நாள் செலவழிப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

பதில் 1 எழுதியவர் மீண்டும்

வெட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும் என்பது என் கருத்து. இடப்பக்க இடைவெளி 6 மி.மீ. மட்டுமே, அதையும் இப்போது புஷ் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சந்தில் 80 மி.மீ. ஆழத்துக்குக் காஸ் கட்டரைச் செலுத்தினால், கேட்டவர் எதைக் காப்பாற்ற விரும்புகிறாரோ அந்த ஆர்மின் முகத்திலும் காதின் உட்புறத்திலும்தான் முதலில் தழும்பு விழும்.

வலப்பக்கப் புஷ் அசையவில்லை என்று அவர் கவனித்து எழுதியது மிகவும் உதவுகிறது. பின் 6 மி.மீ. நகர்ந்தபோது வலப்பக்கப் புஷ் உடன் வரவில்லை என்றால், பின் அதற்குள் வழுக்கிச் சென்றிருக்கிறது. ஆகவே வலப்பக்கம் விடுதலை, இரண்டு காதுகளும் விடுதலை. இறுக்கம் இடப்பக்கப் புஷ் ஒன்றில் மட்டுமே. அந்தப் புஷ்ஷை இப்போது தாங்கி நிற்பது காதின் மெல்லிய நடுப்பகுதி. இதே திசையில் 100 டன்னைக் கொடுத்தால், பின் இளகுவதற்கு முன் காது வளைந்துவிடும்.

ஆகவே திசையை மாற்றுங்கள். பல ஆர்ம்களில் புஷ் உட்காரும் துளையின் உள்முனையில், புஷ் மேலும் உள்ளே போகாமல் தடுக்கும் ஒரு படி இருக்கும். உங்கள் வண்டியின் பாக வரைபடத்தில் அதைச் சரிபாருங்கள். படி இருந்தால், பின்னை வலப்பக்கமாக இழுக்கும்போது புஷ் 6 மி.மீ. பின்வாங்கித் தன் இடத்தில் போய் உட்காரும். அதன் பிறகு அதைப் பிடித்து நிறுத்துவது ஆர்மின் முழுத் தடிமன். புஷ் எங்கும் போக முடியாது என்பதால், நீங்கள் கொடுக்கும் விசை புஷ்ஷுக்கும் பின்னுக்கும் நடுவே உள்ள பிடியை உடைக்கத்தான் பயன்படும். ஒரு முன்னேற்பாடு மட்டும் தேவை. வலப்பக்கக் காதில் ஜாக் தாங்கும்போது அந்தக் காது உள்நோக்கி வளையாமல் இருக்க, காதுக்கும் ஆர்முக்கும் நடுவே உள்ள இடைவெளியில் லாட வடிவில் வெட்டிய பிளேட்டுகளை, ஆர்மின் முகத்தில் அகலமாகப் படியும்படி, ஆட்டமில்லாமல் செருகி நிரப்புங்கள்.

பதில் 3

மேலே சொன்ன திசைமாற்றத்தை முழுமையாக ஆமோதிக்கிறேன். இழுப்பதற்கு நடுவே துளையுள்ள ஹைட்ராலிக் ஜாக்தான் ஏற்றது. ஆனால் ராடைப் பற்றி யாரும் எழுதாததால் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லோடரின் பின்னை இழுக்கும்போது, கையில் கிடைத்த மரை ராடை, அது எந்தத் தரம் என்று பார்க்காமல் 60 டன் ஜாக்கில் பூட்டினேன். ராடு முறிந்து, நட்டோடு சேர்ந்து எதிரே இருந்த தகரக் கதவைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த நேர்க்கோட்டில் இரண்டு நிமிடம் முன்புவரை என் உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு கணக்குப் போடாமல் நான் பம்பைத் தொடுவதில்லை.

கணக்கு எளிதுதான். எம் 30 (30 மி.மீ. விட்டமுள்ள) ராடு 8.8 என்ற வலிமைத் தரத்தில் நிரந்தரமாக நீளாமல் தாங்குவது ஏறத்தாழ 34 டன். அதே அளவு 10.9 தரத்தில் 47 டன். எம் 36 ராடு 10.9 தரத்தில் 69 டன்வரை தாங்கும். ஆகவே 60 டன் ஜாக்குக்கு எம் 36, 10.9 தரம், அதற்கேற்ற நட்டு ஆகியவற்றுக்குக் குறைவாக எதையும் பூட்டாதீர்கள். தரம் எதுவென்று அச்சிடப்படாத ராடை ஒதுக்கிவிடுங்கள். பின்னின் மேற்பரப்பு கடினமானாலும் நடுப்பகுதி துளையிட இடம் கொடுக்கும். காந்த டிரில்லால் 32 மி.மீ. துளையிட்டு எம் 36 மரை எடுக்கலாம். உங்கள் பின்னின் வலமுனையில் பூட்டுப் போல்ட்டின் துளை குறுக்கே போகிறது என்பதை மறக்க வேண்டாம். அந்த இடத்தில் மரை அறுபட்டிருக்கும். அதைத் தாண்டிய ஆழத்தில் குறைந்தது 50 மி.மீ. முழு மரை கிடைக்குமாறு துளையை ஆழமாக்குங்கள்.

ஜாக்குக்கும் காதுக்கும் நடுவே, பின் உள்ளே புகுந்து வரத்தக்க விட்டமுள்ள தடித்த குழாய் ஒன்றை வையுங்கள். பம்பில் அழுத்தமானி கட்டாயம் இருக்க வேண்டும். ராடைச் சுற்றிக் கனமான பழைய பெல்ட்டையோ சங்கிலியையோ போர்த்திவிட்டு, நீளமான ஹோஸ் போட்டுப் பக்கவாட்டில் நின்று பம்பு செய்யுங்கள். ராடின் நேர்க்கோட்டில், எந்த முனையிலும், ஒருவரும் நிற்கக் கூடாது. பின் வெளிவந்ததும் ஆர்ம் எந்தப் பக்கம் அசையும், பக்கெட் எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே யோசித்து மரக்கட்டைகளை அடுக்கி வையுங்கள்.

பதில் 4

சூடாக்குவதைப் பற்றி நான் எழுதுகிறேன். வெல்டிங்கும் காஸ் வேலையும்தான் என் தொழில். சூடு கொடுக்க வேண்டியது ஆர்முக்கு, பின்னுக்கு அல்ல. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மில்லிமீட்டருக்குச் சுமார் 0.000012 மி.மீ. விரிகிறது, 80 மி.மீ. துளை, பின்னைவிட 150 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் 0.14 மி.மீ. அளவு பெரிதாகும். கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், துரு பிடித்த பிடியை உடைக்க அது தாராளம். ஆனால் சூடு பின்னுக்குள் இறங்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து விரிந்து பயன் கெட்டுவிடும். ஆகவே வெட்டும் முனையை விட்டுவிட்டு, அகலமாக எரியும் சூடேற்றும் முனையை எடுத்து, ஆர்மின் இடமுனையைச் சுற்றிச் சுற்றி, ஓரிடத்தில் நிற்காமல், விரைவாகச் சூடேற்றுங்கள். 250 டிகிரியைத் தாண்ட வேண்டியதில்லை. அகச்சிவப்பு மானி பளபளப்பான பரப்பில் குறைத்துக் காட்டும். குறித்த வெப்பநிலையில் உருகும் மெழுகுக் குச்சி நம்பகமானது.

தொடங்கும் முன் கிரீஸ் நிப்பிளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். உள்ளே அடைபட்ட கிரீஸ் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் போனால் வெடித்துப் பீறிடும். நீங்கள் ஊறவிட்ட எண்ணெயைத் துடைத்து எடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் மட்டும் துடைக்காதீர்கள். அதன் மிச்சம் சூடுபட்டால் நுரையீரலை அழிக்கும் பாஸ்ஜீன் வாயு உண்டாகிறது. ரப்பர் வளையங்களையும் அருகிலுள்ள ஹோஸ்களையும் விலக்கிவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் புஷ் தன் இடத்தில் உட்காரும்வரை குளிர்ந்த நிலையிலேயே இழுத்து, பிறகு அழுத்தத்தை 30 டன் அளவில் நிறுத்தி வைத்து, அந்த நிலையில் சூடு கொடுங்கள். பெரும்பாலும் பம்பைத் தொடாமலே பின் விட்டுக்கொடுக்கும்.

கேட்டவரின் மறுமொழி

பின் வெளியே வந்துவிட்டது. வரைபடத்தில் படி இருப்பதை உறுதி செய்துகொண்டு, லாடத் தகடுகளை வெட்டிச் செருகி, எம் 36 ராடைப் பூட்டினேன். துளையிடவும் மரை எடுக்கவும் மட்டும் அரை நாளுக்கு மேல் ஆயிற்று. குளிர்ந்த நிலையில் இழுத்தபோது அந்த வெள்ளிப் பட்டை கண்ணெதிரே மெல்ல மெல்ல ஆர்முக்குள் மறைந்தது. அது முழுதாக மறைந்த கணத்தில் மானியின் முள் விறுவிறுவென்று ஏறத் தொடங்கியது. 380 பாரில், அதாவது 700 பாருக்கு 60 டன் தரும் ஜாக்கில் சுமார் 33 டன்னில், பம்பை நிறுத்திவிட்டுச் சூடு கொடுத்தோம். பதினைந்து நிமிடத்துக்குள் துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மானி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆர்மின் உயரத்தைச் செயின் பிளாக்கில் ஒருமுறை சரிசெய்த பிறகு, மிச்சத் தூரம் முழுவதும் 5 டன்னுக்குள் வந்துவிட்டது.

பின்னின் வலப்பாதி பளபளவென்றிருக்கிறது. இடப்பக்கத்தில் புஷ்ஷின் அகலத்துக்கு மட்டும் உலர்ந்து, காப்பிக்கொட்டை நிறத்தில் சொரசொரப்பாக இருக்கிறது. ஆர்முக்குள் இடப்பக்கப் புஷ்ஷுக்குப் போகும் கிரீஸ் வழியைக் கம்பியால் குத்திப் பார்த்தேன், கம்பி வளைந்தது. 6 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகித்தான் திறக்க முடிந்தது. உள்ளேயிருந்து கரித்துண்டுபோல் கெட்டியான கிரீஸ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதிய புஷ்களை இந்த வாரமே அழுத்திவிடலாமா?

பதில் 1 எழுதியவர் மீண்டும்

நல்ல செய்தி. ஆனால் இடப்பக்கப் புஷ்ஷை உடனே அழுத்திவிடாதீர்கள். 20 டன்னுக்குள் ஒரு புஷ் தன் துளையிலிருந்து நழுவி வந்திருக்கிறது என்றால், துளை அதைப் பிடிக்கும் இறுக்கத்தை இழந்திருக்க வாய்ப்பு உண்டு. பழைய புஷ்ஷை எடுத்தபின், துளையை உள்விட்ட மானியால் மூன்று ஆழங்களில், ஒவ்வோர் ஆழத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து, புதிய புஷ்ஷின் வெளிவிட்டத்தோடு ஒப்பிடுங்கள். நீள்வட்டமாகிவிட்டிருந்தால் வெல்டிங்கால் நிரப்பி லைன் போரிங் செய்வது (துளையை மீண்டும் சரியான அளவுக்குக் கடைவது) ஒன்றே சரியான வழி. துளைச் சுவரில் சென்டர் பஞ்சால் குத்திப் புடைக்க வைப்பதும், புஷ்ஷின் ஓரத்தில் வெல்டிங் பொட்டு வைப்பதும் சில மாதங்கள் தாங்கும். பிறகு புஷ் சுழன்று துளையையும் தின்றுவிடும்.

அளவு சரியாக இருந்தால், புஷ்ஷை உலர் பனிக்கட்டியில் புதைத்துக் குளிரவிட்டு, கனமான கையுறை அணிந்து செருகுங்கள்; 95 மி.மீ. வெளிவிட்டமுள்ள புஷ் நூறு டிகிரி குளிர்ந்தால் 0.11 மி.மீ. சுருங்கும், சம்மட்டி அடி அநேகமாகத் தேவைப்படாது. புஷ்ஷின் கிரீஸ் துளை ஆர்மின் கிரீஸ் வழிக்கு நேராக வருகிறதா என்று செருகும் முன்பே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்துபோன வாஷர்களுக்குப் பதிலாகப் புதியவற்றைப் போட மறக்காதீர்கள்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு, பக்கெட்டைத் தரையில் ஊன்றிய நிலையில் மட்டுமே கிரீஸ் ஏற்றும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பின் ஒரு பக்கமாக அழுந்தியிருக்கும்போது ஏற்றும் கிரீஸ், எதிர்ப்பக்கத்து இடைவெளியில் மட்டும் நிறைந்து வெளியே வந்துவிடும்; தேய்கிற பக்கம் வறண்டே இருக்கும். பாதியை ஒரு நிலையிலும், பக்கெட்டை நகர்த்தி மீதியை வேறொரு நிலையிலும் ஏற்றுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

துளையை அளந்தேன். வலப்பக்கம் அளவுக்குள் இருக்கிறது. இடப்பக்கம், ஆர்ம் பாரம் தாங்கும் திசையில் 0.4 மி.மீ. நீண்டிருக்கிறது. லைன் போரிங் செய்பவர் நாளை மறுநாள் கருவிகளோடு வருகிறார். அதற்குள் கிரீஸ் வழியை முழுவதும் சுத்தம் செய்து, இரண்டு முனைகளிலும் காற்று தாராளமாக வருகிறதா என்று பார்த்து வைத்துவிடுகிறேன்.